ஒரு பிடி, பல குழல்: கன்டெண்டர் வகைக் கைத்துப்பாக்கிகள் ஒரு கணக்கு

குழல் மாற்றும் கைத்துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் சொல்லப்படும் காரணம் சிக்கனம். ஒரு துப்பாக்கி வாங்கு, கூடவே மூன்று குழல் வாங்கு, மூன்று துப்பாக்கி உன் கையில், என்று கணக்குப் போடுவார்கள். இருப்பதிலேயே பலவீனமான காரணம் அதுதான். ஒவ்வொரு குழலுக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒன்று, அதைப் பிடிக்க வளையங்கள், அந்தக் காலிபருக்கான, அதாவது அந்தத் தோட்டா அளவுக்கான, ரீலோடிங் டை என்ற தோட்டா நிரப்பும் அச்சு, வெற்றுக் கூடு, குண்டு, வெடிமருந்து என்று சேர்த்துக்கொண்டே போனால் நான்காவது குழல் வீட்டுக்கு வருவதற்குள் ஒரு நல்ல ரைஃபிள் வாங்கும் காசு கைவிட்டுப் போயிருக்கும். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு கூட்டம் இந்தச் செலவைத் தெரிந்தே செய்துகொண்டிருக்கிறது. ஏன் என்று பார்த்தால்தான் எந்தத் துப்பாக்கி எதற்கு என்ற ஒப்பீட்டுக்கே அர்த்தம் வரும்.

கதை தொடங்குவது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ராச்செஸ்டரில். அங்கே கே.டபிள்யூ. தாம்சன் டூல் கம்பெனி சொந்தமாகத் தயாரித்து விற்க ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. வாரன் சென்டர் என்ற துப்பாக்கி வல்லுநர் தன் வீட்டு அடித்தளப் பட்டறையில் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்துவிட்டு அதைச் செய்து தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். 1965-இல் அவர் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார், 1967-இல் கன்டெண்டர் வெளிவந்தது. தாம்சன்/சென்டர் என்ற பெயரில் இருக்கும் சென்டருக்கு மையம் என்று அர்த்தமில்லை, அது இந்த மனிதரின் குடும்பப் பெயர்.

கன்டெண்டரைப் பிரிப்பது ஏறக்குறைய ஒரு கதவைக் கீலிலிருந்து கழற்றுவது மாதிரிதான். முன்பிடிக் கட்டையின் திருகுகளைக் கழற்றி, துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலையும் ஃபிரேமையும் (பிடியும் ட்ரிகரும் உள்ள உடல்பகுதி) இணைக்கும் ஒரே ஒரு கீல் ஆணியைத் தள்ளினால் குழல் தனியாக வந்துவிடும். வேறு குழலை வைத்து ஆணியைத் திரும்பப் போட்டால் முடிந்தது. பட்டறை வேண்டாம், அளவுகோல் வேண்டாம், சில நிமிட வேலை. பூட்டும் நாக்கு குழலின் அடிப்புறத்திலேயே இருப்பதால் ஒவ்வொரு குழலும் தன் பூட்டையும் தானே கொண்டு வருகிறது. ஃபிரேமில் தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசிகள் இரண்டு உண்டு. ஒன்று தோட்டாவின் விளிம்பில் அடிக்கும், .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களுக்கு. இன்னொன்று நடுவில் அடிக்கும், சென்டர்ஃபயர் தோட்டாக்களுக்கு. எது வேலை செய்ய வேண்டும் என்பதை ஹாமரில், துப்பாக்கிக் குதிரை என்று பழைய தமிழில் சொல்வோமே, அதில் திருப்பி வைத்துக்கொள்ளலாம். காலையில் .22 குழலில் தகர டப்பா சுட்டுவிட்டு மாலையில் அதே பிடியில் .45-70 போட்டு மான் வேட்டைக்குப் போகலாம். அமெரிக்க எருமை வேட்டைக் காலத்துப் பெரிய தோட்டா அது, ரைஃபிளுக்காகப் பிறந்தது.

இங்கேதான் ஒரு குழப்பம் வரும். .45-70 போன்ற ராட்சசனைத் தாங்குகிற ஃபிரேம், அதைவிடச் சின்னதாகத் தெரியும் .308 ரைஃபிள் தோட்டாவை ஏன் தாங்காது? கன்டெண்டரில் .308 கிடையாது. பலர் இதைக் கம்பெனியின் வியாபாரத் தந்திரம் என்றுகூட நினைப்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

தோட்டா வெடிக்கும்போது அதன் கூடு பின்பக்கம் தள்ளுகிற விசையைத்தான் ஃபிரேம் தாங்க வேண்டும். அந்த விசை, உள்ளே எழும் அழுத்தத்தையும் கூட்டின் அடிப்பரப்பையும் பெருக்கினால் வருவது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரப்படி .45-70-க்கு அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு, .30-30-க்கு 42,000, .223-க்கு 55,000, .308-க்கு 62,000. கூட்டின் அடி விட்டம் .45-70-இல் சுமார் 0.505 அங்குலம், .30-30-இல் 0.42, .223-இல் 0.376, .308-இல் 0.47. வெளி விட்டத்தை வைத்து மேலோட்டமாகப் பெருக்கினால் .45-70 சுமார் 5,600 பவுண்டு விசையோடு பின்னால் தள்ளுகிறது, .30-30 சுமார் 5,900, .223 சுமார் 6,100. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன பாருங்கள். .308? ஏறக்குறைய 10,800 பவுண்டு. உண்மையில் கூட்டின் சுவர் கொஞ்சம் குழலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் விசை இதைவிடக் குறையும், ஆனால் விகிதம் இதுதான். தடியான மெதுவான தோட்டாவையும் ஒல்லியான வேகமான தோட்டாவையும் கன்டெண்டர் ஏற்றுக்கொள்ளும். தடியாகவும் வேகமாகவும் இருப்பதைத்தான் தாங்காது. மடங்கித் திறக்கும் எந்தத் துப்பாக்கியிலும் சுடும்போது ஃபிரேம் ஒரு நொடி மெல்ல விரிந்து திரும்பும், அந்த விரிவு எல்லை மீறினால் கூடு நீண்டு கிழியத் தொடங்கும்.

இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு வந்த எல்லாத் துப்பாக்கிகளையும் எடைபோடலாம். 1990-களின் நடுவில் வந்த என்கோர் இந்தக் கணக்குக்கான பதில். அதே மடக்கு முறை, அதே கீல் ஆணி யோசனை, ஆனால் ஃபிரேம் பெரியது, கனமானது, .308, .30-06, .243, 7 மி.மீ.-08 எல்லாம் உள்ளே போகும். ரிவால்வர் பக்கத்திலிருந்து .454 கசூல், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கூட. கன்டெண்டர் குழல் என்கோரில் பொருந்தாது, என்கோர் குழல் கன்டெண்டரில் பொருந்தாது. அப்புறம் என்கோரில் சென்டர்ஃபயர் ஊசி மட்டும்தான், மலிவாகச் சுட்டுப் பழக உதவும் .22 ரிம்ஃபயர் போய்விட்டது. என்னைக் கேட்டால் இது பெரிய இழப்பு. கைத்துப்பாக்கியில் நூறு கஜம் தாண்டிச் சுட வேண்டும் என்றால் வருடம் முழுக்க ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டும், அதை .308-இல் செய்ய மணிக்கட்டும் விடாது பர்ஸும் விடாது.

2000-களின் தொடக்கத்தில் கன்டெண்டர் ஜி2 என்ற புதிய ஃபிரேம் வந்தது. பழைய கன்டெண்டரில் ஒரு தொல்லை உண்டு. ஹாமரைச் சாய்த்துவிட்டு, மான் திரும்பிக்கொண்டதால் சுடாமல் ஹாமரை மெல்ல இறக்கிவிட்டால், மறுபடி சாய்க்கத் துப்பாக்கியை ஒரு முறை மடக்கித் திறந்து மூட வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான், ஆனால் இருபது கஜத்தில் மான் நிற்கும்போது அந்தக் கிளிக் சத்தம் அதற்கும் கேட்கும். ஜி2-இல் திறக்காமலே மறுபடி சாய்க்கலாம். திறப்பதும் எளிது, பழைய ஃபிரேம்கள் சிலவற்றைத் திறக்க ட்ரிகர் காவலின் வாலை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பழையதன் ட்ரிகர்தான் மென்மை என்று அதை விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியில் ட்ரிகர்தான் பாதி துப்பாக்கி.

சரி, செலவுக் கணக்கு சரியில்லை என்றேன், பிறகு எதற்காக இதை வாங்குகிறார்கள்? முதல் காரணம் ஸ்கோப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கன்டெண்டர், என்கோர் இரண்டிலும் ஸ்கோப் குழலின் மேலேயே பொருத்தப்படுகிறது, ஃபிரேமில் இல்லை. இரும்புக் குறிகளும் அப்படித்தான். ஒரு குழலைக் குறி சரிபார்த்துவிட்டுக் கழற்றி வைத்து, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போட்டாலும் ஸ்கோப்புக்கும் குழலுக்கும் உள்ள உறவு கலையவில்லை. பூட்டும் கீலும் கொஞ்சம் ஆடினாலும் குறியும் குழலும் சேர்ந்தே ஆடுகின்றன. இந்த ஒரு முடிவுதான் குழல் மாற்றுவதை விளையாட்டுச் சாமான் நிலையிலிருந்து வேட்டைக்குக் கொண்டு போகும் கருவி நிலைக்கு உயர்த்தியது. ஸ்கோப்பை ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிச் சிக்கனம் பிடிக்கிறேன் என்பவர் இந்தத் துப்பாக்கியின் ஒரே பெரிய நன்மையைத் தூக்கி எறிகிறார். கையை நீட்டிச் சுடுவதால் கண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளியிருந்தாலும் படம் முழுசாகத் தெரியும் கைத்துப்பாக்கி ஸ்கோப்புதான் இதற்கு வேண்டும், ரைஃபிள் ஸ்கோப்பைப் போட்டுவிட்டு முகத்தை அருகே கொண்டு போனால் உதை வாங்குவது புருவம்.

இரண்டாவது காரணம் சட்டம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்றால் ஃபிரேம்தான். குழல் வெறும் உதிரிபாகம். ஃபிரேமை உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் கடையில் வாங்க வேண்டும், குழலைத் தபாலில் வரவழைக்கலாம். கன்டெண்டர் குழல்களுக்கென்று ஒரு பழைய சந்தை உருவானதும், சின்னச் சின்னப் பட்டறைகள் கேட்ட நீளத்தில் கேட்ட காலிபரில் குழல் கடைந்து கொடுக்கத் தொடங்கியதும் இதனால்தான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கன்டெண்டருக்கு உண்மையான பேர் வாங்கிக் கொடுத்தது வேட்டை இல்லை, கோழிதான். இரும்புக் கோழி. விலங்கு உருவத் தகடுகளைச் சுட்டு வீழ்த்தும், மெக்சிகோவிலிருந்து வந்த சில்லவெட் போட்டியை அமெரிக்கர்கள் கைத்துப்பாக்கிக்கு மாற்றினார்கள். 1975-இல் அரிசோனாவின் டூசானில் பெரிய போட்டி நடந்தது, அடுத்த ஆண்டே சர்வதேசக் கைத்துப்பாக்கி உலோக சில்லவெட் சங்கம் உருவானது. 50 மீட்டரில் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200-இல் செம்மறிக் கிடா. எல்லாம் எஃகுத் தகட்டில் வெட்டிய உருவங்கள். பட்டால் மட்டும் போதாது, கீழே விழ வேண்டும். கிடா ஐம்பது பவுண்டு அளவுக்கு எடை, ஓரத்தில் பட்டு டங்கென்று சத்தம் கேட்டு அது ஆடிவிட்டு நின்றால் புள்ளி பூஜ்யம்.

விழ வைக்க வேண்டும் என்ற இந்த ஒரு விதி தோட்டா உலகத்தையே கலக்கிவிட்டது. ரெமிங்டன் 1963-லேயே எக்ஸ்பி-100 என்ற போல்ட் வகைக் கைத்துப்பாக்கியை (பூட்டைக் கைப்பிடியால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது)க் கொண்டு வந்திருந்தது, நடுவில் பிடி வைத்த நைலான் கட்டையோடு, பார்க்கக் கதிர்த் துப்பாக்கிப் பொம்மை மாதிரி இருக்கும். அதன் .221 ஃபயர்பால் தோட்டா 50 கிரெய்ன் எடைக் குண்டை வினாடிக்கு 2,650 அடி வேகத்தில் அனுப்பும் என்று விளம்பரம். எலிவகைச் சின்னப் பிராணிகளைத் தூரத்தில் சுடப் பிரமாதம். கிடாவிடம் எடுபடவில்லை. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 140 கிரெய்ன் குண்டு 1,900 அடியில் போனாலே ஃபயர்பாலைப் போல இரண்டு மடங்கு உந்தம். அதைத்தான் வெஸ் உகால்டே என்பவர் செய்தார். எங்கும் கிடைக்கும் .223 கூட்டின் கழுத்தை 7 மி.மீ. குண்டுக்கு அகலமாக்கினார், 7 மி.மீ. டி.சி.யு. (தாம்சன்/சென்டர் உகால்டே) பிறந்தது. கூடு மலிவு, உதை குறைவு, நீளமான 7 மி.மீ. குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அழுத்தமோ கன்டெண்டரின் எல்லைக்குள். அந்த வருடங்களில் சில்லவெட் களத்துக்குப் போயிருந்தால் வரிசையாகக் கன்டெண்டர்கள்தான் தெரிந்திருக்கும். எக்ஸ்பி-100 வைத்திருந்தவர்களும் ஃபயர்பாலை விட்டுவிட்டு 7 மி.மீ. பி.ஆர். போன்ற தோட்டாக்களுக்குக் குழலை மாற்றினார்கள். அவர்களுக்கு அது துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகும் வேலை.

இந்தப் போட்டியில் கிரீட்மூர் நிலை என்று ஒன்று உண்டு. சுடுபவர் மல்லாந்து சாய்ந்து, துப்பாக்கியைத் தன் காலின் பக்கவாட்டில் தாங்க வைத்துச் சுடுவார். பார்ப்பதற்கு மத்தியானத் தூக்கம் போலத்தான் இருக்கும். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி வழியாகச் சூடான வாயு பீச்சும், அதனால் ரிவால்வர்காரர்கள் காலில் தடித்த தோலைக் கட்டிக்கொள்வார்கள். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் அந்த இடைவெளியே இல்லை. .357 மேக்ஸிமம் என்ற நீண்ட தோட்டா 1980-களின் தொடக்கத்தில் இந்தப் போட்டிக்காகவே வந்தபோது, ரிவால்வர்களில் அந்த வாயு ஃபிரேமின் மேற்பட்டையையே அரித்தது, ரூகர் தன் ரிவால்வரை நிறுத்திவிட்டது. அதே தோட்டா கன்டெண்டரில் எந்தத் தகராறும் இல்லாமல் இன்றுவரை ஓடுகிறது.

ரிவால்வர் என்றதும் டான் வெஸ்ஸனைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் குழல் மாற்றுவது என்ற அதே வார்த்தை அங்கே வேறொன்றைக் குறிக்கிறது. மாசசூசெட்ஸின் மான்சனில், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைத் தொடங்கியவர்களில் ஒருவரின் கொள்ளுப் பேரன் 1968-இல் ஆரம்பித்த கம்பெனி. அதன் ரிவால்வரில் குழல் ஒரு மெல்லிய குழாய். அதைத் திருகி உள்ளே ஏற்றி, மேலே ஓர் உறையைப் போட்டு, வாய்ப்பக்கத்தில் ஒரு நட்டை முறுக்கினால் குழல் இரண்டு முனையிலும் இழுபட்டு விறைப்பாக நிற்கும். சிலிண்டர் இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிமனான தகட்டை வைத்து நாமே சரிபார்க்கலாம். இழுபட்டு நிற்கும் குழல் நன்றாகச் சுடுவதால் சில்லவெட் ரிவால்வர் பிரிவில் அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது. ஆனால் இங்கே மாறுவது குழலின் நீளம் மட்டும். சிலிண்டர் அதேதான் என்பதால் .357 எப்போதும் .357-தான். இடுப்பில் செருக நான்கு அங்குலம், களத்துக்கு எட்டு அங்குலம், அவ்வளவு. கன்டெண்டரோடு இதை ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுபவர்களைப் பார்த்தால் சைக்கிளையும் டிராக்டரையும் சக்கரத்தை வைத்து ஒப்பிடுவது போல இருக்கிறது.

போல்ட் வகைகளுக்கு நிஜமான பலம் பூட்டில் இருக்கிறது. ரைஃபிளின் அதே பூட்டு, .308 கணக்கு அங்கே பிரச்சினையே இல்லை. விறைப்பு அதிகம் என்பதால் 300, 400 கஜத்துக்கு அப்பால் இலக்குச் சுடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்வார்கள். ஆனால் ஸ்கோப் ரிசீவரின், அதாவது பூட்டு இருக்கும் உடலின், மேல் இருக்கிறது, குழல் மரைபோட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, மாற்றினால் ஒவ்வொரு முறையும் தோட்டா உட்காரும் ஆழத்தை அளவுகோல் வைத்துச் சரிபார்த்து, குறியையும் புதிதாகப் பார்க்க வேண்டும். 1990-களின் கடைசியில் வந்த சேவேஜ் ஸ்ட்ரைக்கரில் குழலை இறுக்க ஒரு நட் இருந்ததால் வீட்டிலேயே மாற்ற முடிந்தது. அதிலும் குளிர்காலத்தில் ஒரு முறை மாற்றி வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள், வாரம் ஒரு முறை மாற்ற மாட்டார்கள். எக்ஸ்பி-100-இன் பிடி நடுவில் இருப்பதால் ட்ரிகரிலிருந்து பின்னால் உள்ள பூட்டுவரை ஒரு நீண்ட கம்பி போகிறது, விரலுக்கு அந்தத் தொலைவு தெரியும். பின்பிடி வைத்த பிற்கால வகைகளில் இந்தக் குறை இல்லை.

வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மாடல் 2008 இன்னொரு பாதை. மடக்கித் திறக்கும், குழல் மாறும், ஆனால் பிடி, ஹாமரை ஒவ்வொரு முறையும் கையால் சாய்க்கும் பழைய சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரின் பிடி. உதை வரும்போது துப்பாக்கி உள்ளங்கையில் உருண்டு மேலே போகும், மணிக்கட்டில் குத்தாது. என்கோரின் ரப்பர் பிடி உதையை நேராகக் கைக்குள் செலுத்துகிறது, நாற்பது தோட்டாவுக்குப் பிறகு வித்தியாசம் தெரியும். வேலைப்பாடும் விலையும் தாம்சன்/சென்டரைவிடப் பல படி மேலே. ஒஹையோவின் எம்.ஓ.ஏ. மேக்ஸிமம் கீழே இறங்கும் பாளப் பூட்டு வைத்தது, பலத்தில் குறை சொல்ல முடியாது, கிடைப்பதுதான் அரிது.

வேட்டைக்கு வருவோம். (நம்ம ஊரில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் முடித்துவைத்த விஷயம், அதனால் இது முழுக்க அமெரிக்கக் கதைதான்.) பதினைந்து அங்குலக் குழலில் .308 சுட்டால் அது ரைஃபிளின் .308 கிடையாது. குழல் ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் வினாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் போகிறது, 24 அங்குல ரைஃபிளோடு ஒப்பிட்டால் 180 முதல் 270 அடிவரை இழப்பு. பலர் இதைச் சக்தி குறைகிறது என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். சக்தியைவிட முக்கியம் குண்டு விரிவது. ரைஃபிள் குண்டின் செப்பு உறை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மோதினால்தான் காளானாக விரியும். கைத்துப்பாக்கியில் அந்த வேகத்துக்குக் கீழே குண்டு முன்னதாகவே இறங்கிவிடும், அப்போது அது மானை ஊசி போலத் துளைத்துவிட்டுப் போகும், மானும் ஓடிவிடும். ஹார்னடி கம்பெனி ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிக்கென்றே மெல்லிய உறை போட்ட குண்டுகளைச் செய்தது இதற்காகத்தான். ஆகவே .30-30 கூட்டிலிருந்து வந்த 7-30 வாட்டர்ஸ் தோட்டாவுக்கான குழலில் சரியான குண்டைப் போட்டவர், என்கோர் .308-இல் கடையில் கிடைத்த கனமான ரைஃபிள் குண்டைப் போட்டவரைவிட நல்ல வேட்டைக்காரர் என்றே சொல்வேன். நூற்றைம்பது கஜத்துக்குள் நின்றுகொண்டால் கன்டெண்டரே போதும், குச்சியையோ முதுகுப்பையையோ தாங்கலாக வைத்துச் சுடுகிற பொறுமை மட்டும் வேண்டும். கையை நீட்டி நின்றபடி சுடுவதெல்லாம் இந்த எடைக்கு ஆகாத காரியம்.

எந்தக் காலிபர் என்பதைப் பல இடங்களில் மாநிலச் சட்டமே முடிவு செய்துவிடும். ஒஹையோவில் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி என்றால் .357 அல்லது அதற்கு மேல், கூடு கழுத்து ஒடுங்காமல் நேராக இருக்க வேண்டும். அங்கே 7 மி.மீ. எவ்வளவு அருமையாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது; .357 மேக்ஸிமமும் .44 மேக்னமும் .45-70-யும் கொடிகட்டிப் பறக்கும். பக்கத்து மாநிலத்துக்குப் போனால் விதி வேறு. குழலை மாற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டலாம் என்பது உண்மையாகவே உதவும் இடம் இது.

சட்டம் என்றதும் இன்னொரு கதை. தாம்சன்/சென்டர் ஒரு பெட்டியில் கைத்துப்பாக்கி, தோளில் வைக்கும் கட்டை, 21 அங்குலக் குழல் எல்லாம் சேர்த்து விற்றது. கட்டையையும் 21 அங்குலக் குழலையும் சேர்த்தால் ரைஃபிள், சட்டப்படி சரி. கட்டையையும் கைத்துப்பாக்கியின் 10 அங்குலக் குழலையும் சேர்த்தால் குட்டைக்குழல் ரைஃபிள், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் 200 டாலர் வரியும். அப்படிச் சேர்க்க முடியும் என்பதாலேயே பெட்டி முழுவதும் வரிக்குரியது என்றது அரசு. கம்பெனி ஒரே ஒரு துப்பாக்கிக்கு மட்டும் வரி கட்டிவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 1992-இல் ஐந்துக்கு நான்கு என்று கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது: சட்டம் தெளிவில்லாமல் இருந்தால், மீறினால் தண்டனை உண்டு என்பதால், குடிமகனுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும். இன்றும் கவனமான ஆட்கள் முதலில் நீளக் குழலை மாட்டிவிட்டுத்தான் கட்டையை மாட்டுவார்கள், கழற்றும்போது கட்டை முதலில். அந்த 200 டாலர் வரி 2026 தொடக்கத்திலிருந்து பூஜ்யமாகிவிட்டது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கம்பெனியின் பிற்காலம் அவ்வளவு நன்றாக இல்லை. 2007 தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 102 மில்லியன் டாலருக்கு வாங்கியது, சில வருடங்களில் ராச்செஸ்டர் ஆலையை மூடி வேலையை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றியது, 2021-இல் இந்தப் பெயரையே விற்கப்போவதாக அறிவித்தது. 2024-இல் முன்னாள் தலைவர் கிரெக் ரிட்ஸ் அதை வாங்கினார். நடுவில் மூன்று வருடம் கம்பெனியிலிருந்து புதிய குழல் எதுவும் வராமல் பழைய குழல்களின் விலை ஏறியது. அப்போது ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது: ஃபிரேமை எப்படியாவது தேடிப் பிடிக்கலாம், பிடித்த காலிபரில் குழல் கிடைக்காவிட்டால் அந்த ஃபிரேமை வைத்து என்ன செய்வது?

மூன்றாவது காரணத்தைக் கடைசியாக வைத்தேன், ஏனென்றால் எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. புதுத் தோட்டா ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒரு முழுத் துப்பாக்கி செய்ய வேண்டியதில்லை, ஒரு குழல் போதும். தோற்றால் குழலின் காசு போச்சு, அவ்வளவுதான். ஒஹையோவில் எஸ்.எஸ்.கே. பட்டறை நடத்திய ஜே.டி. ஜோன்ஸ் இதை வைத்தே ஒரு தோட்டாக் குடும்பத்தை உருவாக்கினார். .444 மார்லின் கூட்டைக் குறுக்கி அவர் செய்த .375 ஜே.டி.ஜே., கன்டெண்டர் குழலிலிருந்து ஆப்பிரிக்க யானையைக்கூட வீழ்த்தியிருக்கிறது. அதைவிட முக்கியமானது சத்தமில்லாத ஒரு சோதனை. கிடாவைச் சாய்க்க முடியாமல் ஒதுங்கிய ரெமிங்டனின் .221 ஃபயர்பால் கூட்டை எடுத்து, கழுத்தை .30 குண்டுக்கு அகலமாக்கி, ஒலியைவிட மெதுவாகக் கனமான குண்டைச் சத்தம் அடக்கியோடு சுட அவர் 1990-களின் தொடக்கத்தில் செய்ததுதான் .300 விஸ்பர். அதையே கொஞ்சம் மாற்றி 2011-இல் தரப்படுத்தியதுதான் இப்போது ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள்களில் எங்கும் காணப்படும் .300 பிளாக்அவுட். இன்று அதை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒரு கன்டெண்டரைக் கையில் தொட்டிருப்பார்கள் என்று தெரியாது.